சிராவஸ்தி: பெயரை மீட்டோம், ஊரை மீட்டோமா?

உத்தரப்பிரதேசத்தில் நேபாள எல்லையை ஒட்டி ராப்தி ஆறு ஓடும் சமவெளியில் இருக்கிறது சிராவஸ்தி மாவட்டம். பாலி நூல்கள் சாவத்தி என்று சொல்லும் கோசல நாட்டுத் தலைநகரின் பெயர்தான் அது. புத்தர் ஏறக்குறைய 25 மழைக்காலங்களை இங்கே கழித்தார் என்கிறது பௌத்த மரபு. வேறு எந்த ஊரிலும் அவர் இவ்வளவு காலம் தங்கியதில்லை.

சுற்றுலாக் கையேடுகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அநாதபிண்டிகர் என்ற பெருவணிகர் நிலம் முழுக்கப் பொற்காசுகளைப் பரப்பி, இளவரசர் ஜேதரிடமிருந்து ஜேதவனத்தை வாங்கி சங்கத்துக்குக் கொடுத்தார் என்ற கதை. அழகான கதைதான். ஆனால் இதே ஊரில் நடந்ததாக பௌத்த நூல்கள் சொல்லும் வேறு மூன்று நிகழ்ச்சிகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வசல சுத்தம். பிச்சைக்கு வந்த புத்தரை, வேள்வித் தீ வளர்த்துக்கொண்டிருந்த பார்ப்பனர் ஒருவர் இழிந்தவன் என்று திட்டி, அங்கேயே நிற்கச் சொல்கிறார். இழிந்தவன் என்றால் யார் என்று உனக்குத் தெரியுமா என்று புத்தர் கேட்கிறார். பிறப்பால் எவரும் இழிந்தவர் ஆவதில்லை, செயலால்தான் ஆகிறார்கள் என்று விளக்குகிறார்.

இரண்டாவது, அஸ்ஸலாயன சுத்தம். சாவத்தியில் கூடிய பார்ப்பனர்கள், வேதம் கற்ற 16 வயது இளைஞன் ஒருவனை புத்தரோடு வாதாட அனுப்புகிறார்கள். யவன, காம்போச நாடுகளில் ஆண்டான், அடிமை என்ற இரண்டு பிரிவுகள்தான் உண்டு, ஆண்டான் அடிமையாகலாம், அடிமை ஆண்டானாகலாம் என்பதை நீ கேள்விப்பட்டதில்லையா என்று புத்தர் அவனைக் கேட்கிறார். வருணம் இயற்கையானது என்றால் எல்லா நாட்டிலும் அல்லவா இருக்க வேண்டும்? சமூகவியல் வகுப்பில் நாம் இன்று கேட்கும் கேள்வி இதுதான்.

மூன்றாவது, திவ்யாவதானம் என்ற வடமொழி பௌத்த நூலில் வரும் பிரகிருதியின் கதை. ஆனந்தர் கிணற்றடியில் நின்ற ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். தான் மாதங்கப் பெண் என்று அவள் தயங்குகிறாள். சாதியைக் கேட்கவில்லை, தண்ணீரைத்தான் கேட்டேன் என்கிறார் ஆனந்தர். பிறகு அவள் பிக்குணி ஆகிறாள். நகரத்துப் பார்ப்பனர்களும் செல்வந்தர்களும் கொதிக்கிறார்கள். மன்னன் பிரசேனஜித்தே விசாரிக்க வருகிறான். அப்போது புத்தர் வேறொரு கதை சொல்கிறார். மாதங்கர்களின் அரசன் திரிசங்கு, தன் மகனுக்குப் பெண் கேட்டு ஒரு பார்ப்பனரிடம் போகிறான். அவர் அவமதிக்க, சாதி என்பதே பொய் என்று நீண்ட வாதம் செய்து வெல்கிறான்.

இந்தக் கதையைக் கேள்வியின்றி ஏற்க வேண்டியதில்லை. ஆனந்தர்மீது மையல் கொண்டவளாகவே பிரகிருதியை நூல் காட்டுகிறது. வாதாடும் இடத்தை அவளுக்குத் தராமல் ஆணுக்கே தருகிறது. ஆனாலும் தண்ணீர், துறவு, திருமணம் என்று சாதி காவல் நிற்கும் மூன்று வாசல்களையும் அது தட்டுகிறது. குமாரன் ஆசானும் தாகூரும் இதை எடுத்து எழுதினார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவதார் குளத்தில் நீர் அள்ளிய அண்ணல் அம்பேத்கர், 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் பிரகிருதிக்கு இடம் கொடுத்தார்.

இத்தகைய நகரம் மண்ணுக்குள் போனது. 5ஆம் நூற்றாண்டில் வந்த பாஹியான் சில நூறு குடும்பங்களையே கண்டார். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இடிபாடுகளைக் கண்டார். ஆனாலும் 12ஆம் நூற்றாண்டில் கூட ககடவால மன்னன் கோவிந்தசந்திரன் ஜேதவன விகாரைக்கு ஊர்களைத் தானம் அளித்ததற்குச் செப்பேடு இருக்கிறது. பிறகு பெயரே மறந்துபோய், சாஹேத்-மாஹேத் என்ற மேடுகளாக நின்றது. 1860களில் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம்தான் அதை சிராவஸ்தி என்று அடையாளம் கண்டார்.

அந்தப் பெயர் அரசு ஆவணத்தில் மாவட்டமாக ஏறியது 1997 மே மாதம், மாயாவதி முதல்வராக இருந்தபோது. பஹ்ரைச் மாவட்டத்தைப் பிரித்து, பிங்காவைத் தலைநகராகக் கொண்டு உருவாக்கினார்கள். கௌசாம்பி, கௌதம புத்த நகர் மாவட்டங்களும் அதே ஆண்டில் வந்தவை. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு 2004ஐ நினைவுபடுத்த வேண்டும். முலாயம் சிங் ஆட்சியில் அந்த ஜனவரியில் சிராவஸ்தி மாவட்டமே ரத்து செய்யப்பட்டது, ஜூனில்தான் திரும்ப வந்தது. பெயர் வெறும் அலங்காரம் என்றால் அதை வைப்பதிலும் எடுப்பதிலும் இவ்வளவு அரசியல் இருக்காது.

ஆனால் பெயரோடு நம் வேலை முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிராவஸ்தியின் எழுத்தறிவு 46.74 விழுக்காடு. உத்தரப்பிரதேசத்திலேயே கடைசி இடம். பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 35 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2015-16 தரவுகளை வைத்து நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கையில், இம்மாவட்டத்தில் 100 பேரில் 74 பேர் ஏழைகள். 2024 மார்ச்சில் இங்கே விமான நிலையம் திறந்தார்கள். ஜேதவனத்தைச் சுற்றித் தாய்லாந்து, இலங்கை, கொரியா நாட்டு விகாரைகள் நிற்கின்றன. யாத்திரிகர்கள் வருகிறார்கள், வணங்குகிறார்கள், போகிறார்கள். அந்த மண்ணின் பெண் குழந்தை பள்ளிக்குப் போகிறாளா என்பது அவர்களின் பயணத் திட்டத்தில் இல்லை. அரசின் பௌத்தச் சுற்றுலாத் திட்டத்திலும் அது முதல் கேள்வியாக இல்லை.

பௌத்த மரபு எங்களுடையது என்று நாம் சொல்லும்போது செங்கல் மேடுகளை மட்டும் உரிமை கோரவில்லை. யார் வேண்டுமானாலும் தண்ணீர் மொள்ளலாம், யார் வேண்டுமானாலும் கற்கலாம், யாரோடும் வாதாடலாம் என்று அந்த ஊரில் எழுந்த கோரிக்கையையும் சேர்த்தே கேட்கிறோம். எனவே தோழர்களே, உங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் அஸ்ஸலாயன சுத்தத்தை எடுங்கள். கூடவே சிராவஸ்தியின் எழுத்தறிவுக் கணக்கையும் மேசையில் வையுங்கள். இரண்டையும் ஒரே அமர்வில் பேசுவோம்.