சூரிய கிரகணம்: பழவேற்காடு ஏரிக்கரையில்

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலவு வரும்போது அதன் நிழல் பூமியின் மேல் விழுவது சூரிய கிரகணம். இது அமாவாசையன்று மட்டுமே நிகழும். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியில் அமாவாசையும் பௌர்ணமியும் மீன்பிடித் தொழிலோடு பிணைந்த நாட்கள். அப்போது சூரியனும் நிலவும் பூமியோடு ஒரே நேர்கோட்டை ஒட்டி நின்று கடலை இழுப்பதால், முகத்துவாரத்தின் வழியே நீர் ஏறுவதும் வற்றுவதும் வேகம் பிடிக்கும். கிரகணத்தை விளக்க இந்த ஏரியை விடப் பொருத்தமான இடம் அதிகமில்லை.

எல்லா அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான மாதங்களில் நிலவின் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ விலகிப் போய்விடும். இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளையே நம் பஞ்சாங்கங்கள் ராகு, கேது என்கின்றன. அவற்றில் ஒன்றன் அருகே அமாவாசை நேர்ந்தால் கிரகணம். ஆண்டுக்கு 2 முதல் 5 வரை உலகில் எங்காவது நிகழும்.

சூரியனின் விட்டம் நிலவினுடையதைப் போல் சுமார் 400 மடங்கு. தொலைவும் ஏறக்குறைய அதே மடங்கு. ஆகவே வானில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவின் தொலைவோ சுமார் 3,56,000 கிலோமீட்டருக்கும் 4,06,000 கிலோமீட்டருக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும். நிலவு அருகில் இருந்தால் சூரியனை முழுதாக மறைக்கும். அது முழு கிரகணம். தொலைவில் இருந்தால் விளிம்பில் நெருப்பு வளையம் எஞ்சும். அது கங்கண கிரகணம். நிழற்பாதையின் ஒரு பகுதியில் முழுதாகவும் மறுபகுதியில் வளையமாகவும் தெரிவது கலப்பு கிரகணம். 2023 ஏப்ரல் 20 அன்று நிகழ்ந்தது அந்த அரிய வகை. பாதைக்கு வெளியே இருபுறமும் இருப்பவர்களுக்குப் பகுதி கிரகணமே தெரியும். நிலவின் தொலைவு இப்படி மாறுவதால், முழு கிரகண நாளில் அருகில் இருக்கும் நிலவு கடலைச் சற்று வலுவாக இழுக்கும். கங்கண கிரகண நாளில் இழுவை அவ்வளவு இராது. வானில் தெரியும் வகை வேறுபாட்டுக்கு ஈடான ஒன்று நீரிலும் உண்டு என்பது பலரும் கவனிக்காத செய்தி.

இந்தக் கடற்கரையில் கிரகண ஆய்வின் வரலாறு சென்னை வானாய்வகத்தோடு தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு கிரகணத்தின் பாதை குண்டூர், மசூலிப்பட்டினம் வழியே சென்றது. பழவேற்காட்டில் பகுதி கிரகணம். குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சனும் நிறமாலைக் கருவிகளோடு காத்திருந்தார்கள். அன்று சூரிய விளிம்பில் தென்பட்ட மஞ்சள் கோடு பின்னர் ஹீலியத்தினுடையது என்று உறுதியாயிற்று. பூமியில் அந்தத் தனிமம் கிடைத்தது 1895இல்தான். அதே 1868 கிரகணத்தை வனபர்த்தியிலும், 1871 டிசம்பர் 12 முழு கிரகணத்தை அவிநாசியிலும் ஆராய்ந்தவர் வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. கணக்கு வானத்தோடு பொருந்த வேண்டும் என்று திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டவரும் இவரே. நம் பாடநூல்களில் அவருக்கு இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும். 1872 ஜூன் 6 அன்று சென்னையிலேயே கங்கண கிரகணம் தெரிந்தது. வளையம் கூடும்போதும் உடையும்போதும் சூரியனின் நிறமண்டலக் கோடுகள் ஒரு கணம் ஒளிர்ந்து மறைந்ததைப் போக்சன் பதிவு செய்தார்.

அண்மைக் கால கங்கண கிரகணங்களில் பழவேற்காட்டுக்குக் கிடைத்தது பகுதிக் காட்சிதான். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் வளையம் சுமார் 10 நிமிடம் நின்றது. 2019 டிசம்பர் 26 அன்று பாதை கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே போனது. இரு நாளிலும் சென்னை வட்டாரத்தில் சூரியனின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்தது. இத்தகைய நேரத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் நின்று கீழே பார்த்தால் போதும். கூரையின் ஒவ்வொரு சிறு ஓட்டையும் மணலில் ஒரு பிறை வரையும். மறைப்பு கூடக் கூடப் பிறைகள் மெலியும். எந்தக் கருவியும் வேண்டாத, கண்ணுக்குத் தீங்கில்லாத முறை இது.

கிரகணத்தின்போது உண்ணக் கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்பவை தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கங்கள். தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அடி சமமாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். கிரகணம் உணவையோ மீனையோ கருவையோ கெடுப்பதில்லை. கர்ப்பிணியைப் பட்டினி போடுவதுதான் தீங்கு.

முழு கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்துவந்த சூரியனின் ஒளிவட்டத்தை, இன்று ஆதித்யா எல்1 விண்கலம் சூரியத் தட்டைக் கருவிக்குள்ளேயே மறைத்து, இடைவிடாமல் பார்க்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று அது கிளம்பியது, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. அந்தக் கருவியைச் செய்த இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வேர், போக்சனும் ரகுநாதாச்சாரியும் பணிபுரிந்த அதே சென்னை வானாய்வகம்.

2031 மே 21 அன்று ஒரு கங்கண கிரகணத்தின் பாதை தென் தமிழகம் வழியே செல்கிறது; ஏரி ஊர்களுக்குப் பகுதி கிரகணம் தெரியும். படகில் இருப்பவர்கள் சூரியனை நேராகவும் பார்க்க வேண்டாம், நீரில் விழும் அதன் பிம்பத்தையும் உற்றுப் பார்க்க வேண்டாம். தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி இருந்தால் மட்டும் பாருங்கள்.