ஹோப்பைட்டு

ஹோப்பைட்டு என்பது துத்தநாகம், பாஸ்பேட்டு, நீர் ஆகியவற்றாலான ஓர் அரிய கனிமம் ஆகும். துத்தநாகப் படிவுகளின் மேற்பகுதியில் உள்ள தாதுக்கள் காற்றாலும் நீராலும் சிதைவடையும்போது இஃது இரண்டாம்நிலைக் கனிமமாகத் தோன்றுகிறது. இயற்கையில் ஒரு சில இடங்களில் மட்டுமே கிடைக்கும் இதே சேர்மம், தொழிற்சாலைகளில் எஃகின் மீது மெல்லிய படலமாகச் செயற்கையில் உருவாக்கப்படுகிறது.

பெயரும் கண்டுபிடிப்பும்

இசுக்காட்லாந்து நாட்டு இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1820களில் இக்கனிமத்தை முதன்முதலாக விவரித்தார். எடின்பரோ பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் தாமஸ் சார்லஸ் ஹோப் (1766–1844) நினைவாக இதற்குப் பெயரிடப்பட்டது. நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் உச்ச அடர்த்தியை அடைகிறது என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் இவரே.

புரூஸ்டர் ஆராய்ந்த மாதிரிகள் ஆகன் நகருக்கு அண்மையிலுள்ள ஆல்ட்டன்பெர்க் துத்தநாகச் சுரங்கத்தில் கிடைத்தவை. இச்சுரங்கத்தின் மீது பிரசியாவும் நெதர்லாந்தும் உரிமை கோரியதால், 1816 இல் அப்பகுதி நடுநிலை மோரெஸ்நெட் என்னும் சிறு ஆட்புலமாக்கப்பட்டது. 1920 இல் அது பெல்ஜியத்துடன் இணைக்கப்பட்டது.

இயைபும் பண்புகளும்

ஹோப்பைட்டின் ஒரு வாய்பாட்டு அலகில் மூன்று துத்தநாக அயனிகளும், இரண்டு பாஸ்பேட்டு அயனிகளும், நான்கு நீர் மூலக்கூறுகளும் உள்ளன. எடை அடிப்படையில் இதில் துத்தநாக ஆக்சைடு 53.3%, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 31.0%, நீர் 15.7% அடங்கியுள்ளன.

- படிகத் தொகுதி: செஞ்சாய்சதுரம்
- நிறம்: நிறமற்றது, வெள்ளை, சாம்பல், வெளிர்மஞ்சள்
- மிளிர்வு: கண்ணாடி போன்றது, பிளவுப் பரப்பில் முத்துப் போன்றது
- கீற்று நிறம்: வெள்ளை
- மோவின் கடினத்தன்மை: 3 முதல் 3.5 வரை
- ஒப்படர்த்தி: ஏறத்தாழ 3.05
- கரைதிறன்: அமிலங்களில் கரையும்

இதே வேதி இயைபும் வேறு படிக அமைப்பும் கொண்ட கனிமம் பாராஹோப்பைட்டு ஆகும். அது முச்சரிவுத் தொகுதியைச் சேர்ந்தது; ஹோப்பைட்டை விட அடர்த்தி மிக்கது.

அரிதாக இருப்பதற்கான காரணம்

துத்தநாகமோ பாஸ்பேட்டோ அரிய பொருள் அன்று. எனினும் இவ்விரண்டும் தனித்துச் சந்திக்கும் சூழல் அரிது. துத்தநாகச் சல்பைடுத் தாது ஆக்சிசனேற்றம் அடையும்போது துத்தநாகம் நீரில் கரைந்து வெளியேறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட்டுப் பாறைகளைச் சேர்ந்தால் சுமித்சோனைட்டும், சிலிக்காவைச் சேர்ந்தால் எமிமார்பைட்டும் உருவாகின்றன. பாஸ்பேட்டு இருந்தாலும், துத்தநாகத் தாதுவுடன் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படும் ஈயம் அதனைப் பற்றிக்கொண்டு, மிகக் குறைந்த கரைதிறன் கொண்ட பைரோமார்பைட்டாகப் படிந்துவிடுகிறது. எனவே பாஸ்பேட்டு மிகுதியாகக் கிடைக்கும் இடத்திலேயே ஹோப்பைட்டு உருவாக முடிகிறது.

கப்வே எலும்புக் குகை

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, முன்னர் புரோக்கன் ஹில் எனப்பட்ட சாம்பியா நாட்டின் கப்வே நகரம் ஆகும். அங்கிருந்த ஈய-துத்தநாகச் சுரங்கத்தில் விலங்கு எலும்புகள் நிறைந்த குகை ஒன்று வெளிப்பட்டது. எலும்பின் கனிமப் பகுதி பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. துத்தநாகம் கலந்த நீர் எலும்புகளின் ஊடாகக் கசிந்தபோது, அவற்றின் பாஸ்பேட்டுடன் வினைபுரிந்து ஹோப்பைட்டு, டார்பூட்டைட்டு முதலிய கனிமங்களைத் தோற்றுவித்தது. கனிமவியலாளர் எல். ஜே. ஸ்பென்சர் 1908 இல் இவற்றை விரிவாக விவரித்தார்.

1921 இல் இதே சுரங்கத்தில் தொல்மனித மண்டையோடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 2020 இல் வெளியான ஆய்வு அதன் வயதை ஏறத்தாழ 2,99,000 ஆண்டுகள் எனக் கணித்தது. தாது அகழ்வினால் அக்குகை முற்றிலும் அழிந்துவிட்டதால், மண்டையோடு எந்தப் படிவ அடுக்கில் இருந்தது என்பதை நேரில் ஆராயும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. சுரங்கம் 1994 இல் மூடப்பட்டது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் சால்மோ அருகிலும் ஹோப்பைட்டு கிடைத்துள்ளது.

செயற்கை ஹோப்பைட்டு

ஹோப்பைட்டு தாதுவாக வெட்டியெடுக்கப்படுவதில்லை. ஆயினும் எஃகுத் தகடுகளுக்கு வண்ணம் பூசுவதற்கு முன் செய்யப்படும் பாஸ்பேட்டுப் பூச்சில் இச்சேர்மம் முதன்மையானது. துத்தநாக உப்பு கலந்த பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் தகட்டை அமிழ்த்தும்போது, உலோகப் பரப்பில் அமிலம் செலவாகிறது. அமிலத்தன்மை குறையும் அவ்விடத்தில் ஹோப்பைட்டுப் படிகங்கள் படிகின்றன. இரும்பு அயனிகளும் சேரும்போது பாஸ்போபில்லைட்டு என்னும் மற்றோர் அரிய கனிமம் உருவாகிறது. இப்படலம் வண்ணப்பூச்சு நன்கு பற்றவும், துரு பரவாமல் தடுக்கவும் உதவுகிறது.

துத்தநாக ஆக்சைடையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் கலந்து செய்யப்படும் பல் மருத்துவச் சிமெந்திலும், ஈரப்பதம் உள்ள நிலையில் ஹோப்பைட்டுப் படிகங்கள் தோன்றுவதுண்டு.