வளைந்த ஆடியும் இப்னுல் ஹைதமும்



உணவு மேசையிலுள்ள எவர்சில்வர் கரண்டியை எடுத்து அதன் குழிந்த பக்கத்தில் முகம் பாருங்கள். உருவம் தலைகீழாகத் தெரியும். திருப்பிப் புடைத்த பக்கத்தைப் பாருங்கள். உருவம் சிறிதாக, நேராகத் தெரியும். முன்னது குழியாடி, பின்னது குவியாடி. பளபளக்கும் டம்ளரில் முகம் ஒடுங்கி நீள்வதற்குக் காரணம் அது உருளையாடியாக இருப்பதே. இவற்றை முறையாகச் சோதித்து எழுதிய அறிஞரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பஸ்ராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்த அல்ஹஸன் இப்னுல் ஹைதம், வாழ்வின் பிற்பகுதியைக் கெய்ரோவில் கழித்தார். அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகில் தங்கி, கணித நூல்களைப் பிரதியெடுத்துக் கிடைத்த வருவாயில் வாழ்ந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் ஒளியியல் நூல் அவருடையது. அதில் நான்கு முதல் ஆறு வரையிலான பாகங்கள் ஒளி எதிரொளிப்பைப் பற்றியவை.

ஒளி எந்தக் கோணத்தில் வந்து படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பதைக் கிரேக்கர்கள் முன்பே அறிந்திருந்தனர். இப்னுல் ஹைதம் அதை அவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஏற்கவில்லை. சமதள ஆடி ஒன்று. கோளம், உருளை, கூம்பு ஆகிய மூவடிவிலும் குழிந்ததும் புடைத்ததுமாக ஆறு. ஆக ஏழு ஆடிகளுக்கான சோதனைக் கருவியை விவரித்து, அவற்றைக் கொண்டு அவ்விதியை நிறுவினார்.

கோளக் குழியாடியில் படும் இணைகதிர்கள் யாவும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. பரவளைய ஆடியில்தான் கூடுகின்றன. இவ்விரு வகை எரிக்கும் ஆடிகளைப் பற்றியும் அவர் தனித்தனியே நூல்கள் எழுதினார்.

பிறகு நடந்ததே நாம் சிந்திக்க வேண்டியது. ஏறத்தாழ 1200-இல் அந்நூல் இலத்தீனுக்குப் பெயர்ந்தது. 1572-இல் பாசல் நகரில் அச்சேறியது. ஐரோப்பிய அறிஞர்கள் அதைக் கற்று, வாதிட்டு, வளர்த்தனர். நம் கீழைநாடுகளிலோ, சுமார் மூன்று நூற்றாண்டுகள் கழித்துக் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ விரிவுரை எழுதும் வரை அதை ஆழ்ந்து கற்றவர் மிகச் சிலரே. நூல் அரபியில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தனர். திறந்து பார்ப்போர்தாம் குறைந்திருந்தனர்.

அந்தக் கல்வியின் பயன் நம் பகுதிக்கும் வந்தது. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, சூரியனை ஆராய்ந்தால் மழையின் போக்கை அறியலாமோ என்ற எண்ணம் வலுப்பெற்றது. அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கோடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வகம் இயங்கத் தொடங்க அதுவும் ஒரு காரணம். பாவ்நகர் மன்னரின் கொடையால் பூனாவில் அமைந்த 20 அங்குலக் குழியாடித் தொலைநோக்கி 1912-இல் அங்கு வந்தது. 1986-இல் வாணியம்பாடிக்கு அருகிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி திறக்கப்பட்டது. விண்மீனின் மங்கிய ஒளியைக் குழியாடியில் திரட்டி ஓரிடத்தில் குவிப்பதே இவற்றின் வேலை.

அன்றாட வாழ்விலும் இக்கல்விக்கு இடமுண்டு. வாகனங்களின் பக்கவாட்டில் உள்ள குவியாடி பரந்த காட்சியைக் காட்டும். ஆனால் உருவத்தைச் சிறிதாக்குவதால், பின்னால் வரும் பேருந்து உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். மேலூர்ச் சாலையிலோ திருமங்கலம் சாலையிலோ இருசக்கர வாகனம் ஓட்டும் பிள்ளைக்கு இது உயிர்காக்கும் அறிவு.

“இவை உலகக் கல்வி, மதரஸாவுக்கு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. இப்னுல் ஹைதமின் பெயரை மேடையில் சொல்லிப் பெருமைப்படுவோரும் உண்டு. இருவருமே அவருடைய நூலைத் திறப்பதில்லை. முன்னோரின் பெருமை நமக்கு வாரிசுச் சொத்தாக வருவதன்று. அவர்கள் உழைத்தது போல் உழைப்பவருக்கே உரியது. இன்றிரவு பிள்ளைகளிடம் ஒரு கரண்டியைக் கொடுத்து, “உருவம் ஏன் தலைகீழாகிறது?” என்று கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாமல் அவர்களையே தேட விடுங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.