ஒரு லட்சம் லைக், ஆறாயிரம் பார்வை

ஃபேஸ்புக்கில் ஒரு நிறுவனத்தின் பக்கத்துக்கு ஒரு லட்சம் பேர் லைக் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு செய்தி போட்டால் எத்தனை பேர் கண்ணில் படும்? ஒரு லட்சம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2014 பிப்ரவரி நிலவரத்தை ஓகில்வி விளம்பர நிறுவனம் கணக்குப் பார்த்தபோது கிடைத்த விடை, சுமார் 6 சதவீதம்! அதற்கு நான்கே மாதம் முன்பு அது 12 சதவீதமாக இருந்தது. 2012-ல் ஃபேஸ்புக்கே சொன்ன கணக்கு 16 சதவீதம்.

2007 நவம்பரில் நிறுவனங்களுக்கான பக்கங்களை ஃபேஸ்புக் தொடங்கியது. வாடகை இல்லை, முன்பணம் இல்லை, கூட்டமுள்ள கடைத்தெருவில் ஒரு கடை. யார்தான் விடுவார்கள்? பல நிறுவனங்கள் விளம்பரத்துக்குக் காசு கொடுத்துக்கூட லைக் சேர்த்தன. அப்புறம் 2012-ல் காசு கட்டிச் செய்தியை அதிகம் பேருக்குக் காட்டும் வசதி வந்தது. அதாவது, காசு கொடுத்துச் சேர்த்த வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு மறுபடியும் காசு! வணிகவியல் பாடப்புத்தகத்தில் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஃபேஸ்புக் தரப்பில் ஒரு நியாயமும் இருந்தது. ஒருவர் ஒருமுறை உள்ளே வரும்போது அவருக்குக் காட்டத் தகுந்தவை சராசரியாக 1,500 இருப்பதாக 2013-ல் அது சொன்னது. அத்தனையையும் யார் படிப்பது? ஆகவே அல்காரிதம் சிலவற்றைப் பொறுக்கி எடுக்கிறது. பக்கங்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றின் பங்கும் குறைந்தே தீரும். ஆனால் பொறுக்கும் விதி என்ன, அது என்றைக்கு மாறும் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாது, தெருவின் சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். சிக்கலே அங்கேதான்.

அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய அப்வொர்த்தி தளத்தைப் பாருங்கள். ஆவலைத் தூண்டும் தலைப்புகளால் 2013 நவம்பரில் 8 கோடிக்கும் மேல் வாசகர்கள். டிசம்பரில் ஃபேஸ்புக் விதியை மாற்றியது. இரண்டே மாதத்தில் ஏறக்குறைய பாதிக் கூட்டம் காணாமல் போனது. அந்தத் தலைப்புகளைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் பெருகியதும் ஒரு காரணம் என்றாலும், பெரிய அடி விதி மாற்றம்தான் என்று அப்போதே பேசப்பட்டது.

அடுத்து வந்தது வீடியோ மோகம். எழுத்தாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோ எடுக்க ஆளெடுத்த செய்தி நிறுவனங்கள் பல. 2016 செப்டம்பரில் ஒரு குட்டு உடைந்தது... வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. 3 விநாடிக்குள் நகர்ந்து போனவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையாம். விளம்பரதாரர்கள் வழக்குப் போட, 2019-ல் 4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வேலை போனவர்களுக்கு அதில் பங்கு ஏதும் இல்லை.

2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க் இன்னொரு மாற்றத்தை அறிவித்தார். இனி நண்பர்கள், உறவினர்கள் போடுவதே முன்னால் வரும், நிறுவனங்கள் போடுவது பின்னால் போகும். நியூயார்க்கின் லிட்டில்திங்ஸ் நிறுவனம், காசு கட்டாமல் வந்துகொண்டிருந்த கூட்டத்தில் முக்கால் பங்கை இழந்தது. அடுத்த மாதமே கடையை மூடினார்கள். சுமார் 100 பேர் வேலை போனது. அந்த நாளிலும் அவர்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்!

யூடியூப் கதை கொஞ்சம் வேறு மாதிரி. 2012 வரை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதற்கே அங்கு மதிப்பு. அந்த ஆண்டு முதல், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது முக்கியமானது. கவர்ச்சியான படத்தை முகப்பில் ஒட்டிக் கூட்டம் சேர்த்த சேனல்கள் சரிந்தன. இது நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் 2018 ஜனவரியில் வந்த விதி சிறியவர்களுக்குக் கடினமானது. விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், அதோடு ஓராண்டுக்குள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் அது 2,40,000 நிமிடம். வருகிற ஒவ்வொருவரும் 4 நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தாலும் 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். அதுவரை காமிரா, மின்சாரம், இன்டர்நெட் எல்லாம் கைக்காசுதான்.