கொயினாவில் பிறந்த கண்ணாடி

பாலக்காடு பக்கம் பரம்பிக்குளம், இடுக்கி பக்கம் இரவிகுளம். இரண்டுக்கும் நடுவில், ஆனைமலையின் மேல் இருக்கும் வால்பாறையில் சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கச் சென்னை அரசாங்கம் மரம் வளர்த்த இடம். இன்று அங்கே தமிழக அரசின் டேன்டீ நிறுவனத்துத் தேயிலை. மூணாறிலும் தோட்டம் போட வந்த துரைமார் முதலில் காப்பியோடு சின்கோனாவையும் நட்டுப் பார்த்தார்கள். இலங்கையும் ஜாவாவும் பட்டையைக் கொண்டுவந்து குவித்ததில் விலை விழுந்தது; கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. காய்ச்சல் மருந்து என்றுதான் மலைக்காரர்களுக்கு அந்த மரத்தைத் தெரியும். இரைப்பைத் திசுவைப் பார்க்கும் நுண்ணோக்கிக்குள் அது நுழைந்த கதை வேறு.

அந்தக் கதை இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஒரு நாயிடம் தொடங்குகிறது. வில்லியம் பேர்ட் ஹெராபத் என்ற மருத்துவரிடம் ஃபெல்ப்ஸ் என்று ஒரு மாணவர். கொயினா கொடுத்திருந்த நாயின் சிறுநீரில் அவர் அயோடினைச் சொட்ட, பளபளவென்று மரகதப் பச்சையில் படிகங்கள் மிதந்தன. ஏன் சொட்டினார் என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்து ஆய்வகங்களில் எதையும் எதிலும் சொட்டிப் பார்ப்பது வழக்கம்தான். ஹெராபத் அவற்றை நுண்ணோக்கியில் வைத்தார். மெல்லிய படிகங்கள் தனித்தனியே கிடந்தபோது ஒளியை விட்டன. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடத்தில் மட்டும் கன்னங்கரேல் என்று இருட்டு. 1852இல் இதை எழுதி வெளியிட்டார்.

ஒளி அலை பல திசைகளில் அதிர்ந்துகொண்டு வருகிறது. ஒரே திசை அதிர்வை மட்டும் வெளியே விடும் பொருள்தான் போலரைசர். இரண்டைக் குறுக்காக வைத்தால் ஒளி அடைபட்டுப் போகும். ஹெராபத்துக்கு முன்பே, 1828இல், வில்லியம் நிக்கோல் ஐஸ்லாந்துக் கால்சைட் கல்லை அறுத்து ஒட்டி இந்த வேலையைச் செய்திருந்தார். ஆனால் பழுதில்லாத பெரிய கல் கிடைப்பது அரிது; விலையும் அதிகம். கொயினாப் படிகத்தையே பெரிதாக வளர்த்துவிடலாம் என்று ஹெராபத் ஆசைப்பட்டார். அது எளிதில் பெரிதாக வளரவில்லை, தொட்டாலே நொறுங்கியது.

எழுபத்தைந்து வருடம் கழித்து, அமெரிக்காவில் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்ட எட்வின் லேண்ட் என்ற இளைஞர் இந்தச் செய்தியைப் பழைய புத்தகம் ஒன்றில் படித்தார். கலைடாஸ்கோப்பைப் பற்றி டேவிட் புரூஸ்டர் எழுதியது அது. பெரிய படிகம் எதற்கு, கண்ணுக்கே தெரியாத பொடிப் படிகங்கள் கோடிக்கணக்கில் ஒரே திசையில் படுத்தால் போதாதா என்று யோசித்தார். சொல்லச் சுலபம், நூறு கைகள் தவறவிட்டதை இவர் பிடித்தது அங்கேதான். படிகத்தை ஊசி ஊசியாக அரைத்து, பிசுபிசுப்பான கரைசலில் கலந்து, ரிப்பன் பக்கோடா அச்சில் மாவைப் பிழிவதுபோல நீண்ட மெல்லிய பிளவு வழியே அழுத்தினார். வெளியே வரும்போது ஊசிகள் தாமாகவே ஒரே திசைக்குத் திரும்பின. 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1937இல் போலராய்டு நிறுவனம் பிறந்தது.

1938இல் அவரே கொயினாவைக் கழற்றிவிட்டார். பாலிவினைல் ஆல்கஹால் தாளை இழுத்து நீட்டி அயோடினில் நனைத்தாலே வேலை நடந்தது. ஆனாலும் உறவு முழுக்க அறுந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பானிடம் வீழ்ந்து கொயினாவுக்குப் பஞ்சம் வந்த சமயம், வேதியியலர்கள் வுட்வர்டும் டோரிங்கும் 1944இல் கொயினாவை ஆய்வகத்தில் உருவாக்க வழி கண்டதாக அறிவித்தார்களே, அதற்குக் கைகொடுத்தது போலராய்டு நிறுவனம்தான். ஹெராபத்தின் படிகத்துக்குள் அயோடின் அணுக்கள் மும்மூன்றாகச் சங்கிலி கட்டி நிற்பதுதான் ரகசியம் என்று அமைப்பு தெளிவானது 2009இல்.

மருத்துவம் இதற்கிடையில் வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. 1854இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ மூளைத் திசுவில் அயோடினை விட்டபோது சில படிவுகள் நிறம் மாறின. மாவுச்சத்து என்று எண்ணி அமிலாய்டு என்றார். அது புரதம் என்று ஐந்தே வருடத்தில் தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பருத்தித் துணிக்காகக் கண்டுபிடித்த காங்கோ ரெட் சாயம் இந்தப் படிவில் ஏறுகிறது என்று பென்ஹோல்ட் 1922இல் கண்டார். அந்தச் சாயம் ஏறிய திசுவைக் குறுக்குப் போலரைசர்களுக்கு நடுவில் வைத்தால் ஆப்பிள் பச்சை ஒளிர்கிறது என்று 1927இல் பெல்ஜியத்தில் டிவ்ரியும் ஃப்ளோர்கினும் காட்டினார்கள். இழை இழையாக அடுக்கிய புரதத்தின் மேல் சாய மூலக்கூறுகளும் வரிசையாகப் படுத்துக்கொள்வதால் வரும் நிறம் இது.

வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் கோயம்புத்தூருக்கு வரும் ஒருவருக்கு உடம்பு மெலிகிறது, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்டோஸ்கோப்பி போட்டு இரைப்பையிலிருந்து அரிசிக் குருணை அளவுக்குத் துண்டு எடுப்பார்கள். வழக்கமான ஹெமட்டாக்சிலின்-இயோசின் சாயத்தில், ரத்தக் குழாயைச் சுற்றி வெளிர் ரோஜா நிறத்தில் ஏதோ பூசியதுபோல் தெரியும். தழும்புத் திசு என்று விட்டுவிடவும் வாய்ப்புண்டு. காங்கோ ரெட்டுக்கு வழக்கத்தைவிடச் சற்றுத் தடிமனாக, 8 முதல் 10 மைக்ரான் வரை சீவுவார்கள். மெல்லிதாகச் சீவினால் பச்சை எழும்பாமல் போகலாம். விளக்குக்கு மேல் ஒரு போலராய்டு வில்லை, லென்சுக்கு மேல் இன்னொன்று. கீழ்வில்லையைத் திருகத் திருகப் பார்வைப் புலம் இருண்டுகொண்டே வரும். தழும்பு நார்கள் வெள்ளியாக மின்னும். குழாயின் சுவர் பச்சையாக எழும்பினால் அமிலாய்டு.

வில்லை இரண்டும் பெரிய செலவில்லை, சாயமும் அப்படித்தான். கிடைக்காதது சந்தேகம். ரோஜாப் பூச்சைப் பார்த்து யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால்தான் காங்கோ ரெட் போடுவார்கள். பச்சை தெரிந்த பிறகும் வேலை முடிவதில்லை. வருடக்கணக்கில் இருந்த காசநோய், தொழுநோய், முடக்குவாதம் இவற்றால் வரும் படிவு ஒரு வகை. எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் கெட்டுப்போய் வருவது வேறு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எந்தப் புரதம் என்று பச்சை நிறம் சொல்லாது. அதற்கு ஆன்டிபாடி சாயத்துக்கோ மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கோ துண்டை மறுபடி அனுப்ப வேண்டும்.