பாக் விரிகுடாக் கரையில் கேரவன் தங்கல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்த்திசை எல்லையாக, கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒன்றாகக் கோத்துச் செல்லும் பாக் விரிகுடாக் கரை, ஆழமின்மையாலும் அலையின் சாந்த சுபாவத்தாலும், வங்கக் கடலின் ஏனைய கரைகளினின்றும் வேறுபட்ட தோற்றமுடையது. விரிகுடாக் கரையில் வண்டியோடு தங்குதல் பிறநாடுகளில் புதிதன்று; மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவிலுள்ள கன்சப்சியோன் விரிகுடாவின் ஓரத்தில் கேரவன் எனப்படும் வீட்டுவண்டிகளை நிறுத்தி, அந்நாட்டுக்கு வடக்கேயுள்ள நாட்டார் குளிர்காலத்தைக் கழிப்பது நெடுநாளைய வழக்கம். நம் நாட்டிலோ கேரவன் என்றவுடன் சினிமா நட்சத்திரங்களின் ஒப்பனை வண்டியே நினைவுக்கு வரும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்த பின்னரே வீட்டுவண்டியில் பயணித்துத் தங்கும் எண்ணம் தென்னாட்டில் சிறிது வேரூன்றியது.

மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அலையாத்திக் காடுகள் உள்ளன. இத்தகைய கரையில் வண்டியோடு தங்க விரும்புவோர், கழிமுகச் சேறு கனத்த சக்கரங்களைத் தாங்காதாகையால் சாலையோரக் கெட்டித் தரையையே நாடுதலும், குடிநீரை உடன்கொண்டு வருதலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையைத் தவிர்த்துத் தை, மாசியில் வருதலும் உசிதம்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடற்புல்லை மேயும் ஆவுளியா எனும் கடற்பசுக்களைக் காக்கும் பொருட்டு, 2022இல் தமிழ்நாடு அரசால் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அப்புல்வெளிகளில் கழிவுநீரைக் கலக்கும் விருந்தினனைவிட, வாராதிருக்கும் விருந்தினனே மேலானவன்.