தேயிலைப் பெட்டியின் மறுபிறவி

அண்மையில் வெள்ளவத்தைக் காலி வீதியில், மழைக்கு ஒதுங்க ஒரு பரிசுப்பொருட் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடித் தட்டில் சிறு மரப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. மூலைகளில் தகரம்; பக்கங்களில் கறுப்பு மையினால் எழுத்துகள்; உள்ளே நூறு கிராம் தேயிலை. புதுப் பலகையை வேண்டுமென்றே மங்கச் செய்து, பழைய தேயிலைப் பெட்டியின் சாயலை வரவழைத்திருந்தார்கள். விலையைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஆயினும், உண்மையான தேயிலைப் பெட்டிகளோடு கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த காலம் அன்றிரவு முழுவதும் மனத்தை விட்டு அகலவில்லை.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதையும், 1883 இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்ததையும் வாசகர்கள் அறிவர். தேயிலையைச் சுமந்த பெட்டியைப் பற்றி எழுதியவர் மிகக் குறைவு. தேயிலை அருகிலுள்ள எந்த மணத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். எனவே பெட்டி செய்யும் மரம் வாசனையற்றதாகவும் நன்கு உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். யப்பானிய மோமி மரப் பலகைகள் இதற்கென இறக்குமதியாயின. பின்னர் எஸ்தோனியாவின் ரெவால் நகரிலிருந்த லூதர் தொழிற்சாலையின் ஒட்டுப்பலகை வந்தது. அதை இலண்டனிலிருந்து விற்ற நிறுவனம் வெனஸ்டா. (ரெவால்தான் இன்றைய தாலின்.) தோட்டத்தில் பலகைகளைப் பொருத்தி, விளிம்புகளில் தகரப்பட்டி அடித்து, உள்ளே ஈயத்தாள் விரிப்பார்கள். பிற்காலத்தில் அது அலுமினியத்தாளாயிற்று. இரண்டாம் உலகப் போர் இறக்குமதியைத் தடைசெய்தபோது, காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது.

இந்த வெனஸ்டாப் பலகைக்கு வேறொரு புகழும் உண்டு. 1908 இல் தென்துருவப் பகுதியில் குளிர்காலத்தைக் கழித்த சாக்கிள்டனின் குழுவினர், அங்கேயே ‘அரோரா ஆஸ்திராலிஸ்’ என்ற நூலை அச்சிட்டார்கள். அட்டைக்கு எங்கே போவது? உணவு வந்த பெட்டிகளை உடைத்து, அப்பலகையையே அட்டையாக்கினார்கள். இன்று அந்நூலின் பிரதிகளை, உள்ளட்டையில் எஞ்சியுள்ள ‘வெண்ணெய்’ போன்ற பெட்டிச் சொற்களைக் கொண்டே அடையாளம் சொல்கிறார்கள்.

சாக்கிள்டனின் ஆட்கள் செய்த அதே வேலையைத்தான் எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையின் தச்சரும் செய்துகொண்டிருந்தார். 1971 இல் பத்திரிகைப் பணிக்காக நான் கொழும்புக்கு வந்தபோது, அவருடைய பட்டறைக்கு எதிரே ஓர் அறை கிடைத்தது. களஞ்சியங்களில் உடைந்த பெட்டிகள் கைவண்டியில் அவரிடம் வந்துசேரும். ஆணிகளைப் பிடுங்கி நிமிர்த்துவது அவருடைய மூத்த மகனின் வேலை. அலுமினியத்தாளை அயற்பிள்ளைகள் பாலன் குடிலுக்கு நட்சத்திரம் வெட்ட எடுத்துச் செல்வார்கள். தகரப்பட்டிகூட வீணாகாது, கீலாகிவிடும்.

அந்த மெல்லிய பலகையில் அவர் செய்யாதது இல்லை. சுவாமிப்படத் தட்டு, கடிதப் பெட்டி, கோழிக்குஞ்சுக் கூடு, சக்கரம் பூட்டிய சிறு தேர். ஆடிவேலுக்குத் தேர்கள் விற்கும். யூன் 13 இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்குச் சிறு பீடங்கள் விற்கும். எந்தச் சமயத்துக்கும் அவரிடம் ஒரே பலகைதான். பூச்சுக்குப் பணம் செலவிட மாட்டார். ஆகவே தேரின் அடியிலோ பீடத்தின் முதுகிலோ ஏதோவொரு தோட்டத்தின் பெயரில் பாதி தெரியும். “அண்ணை, இதைச் சுரண்டிவிட்டால் என்ன?” என்று ஒருமுறை கேட்டேன். “தம்பி, சுரண்டினால் பலகை நொந்துபோகும். மூன்று தாள்தானே” என்றார்.

அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாடுதான் அவருக்குச் சோறு போட்டது என்பதை நான் பின்னரே உணர்ந்தேன். கடைகளில் வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்கள் அருமை. இரும்பலுமாரி வாங்க நடுத்தர வகுப்பினருக்கும் வழியில்லை. பாணுக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டுகளைப் புகழ்ந்து பேச என்னால் இயலாது. எனினும், 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து பிளாஸ்ரிக் பொம்மைகள் குவிந்தபோது முதலில் நின்றது அவருடைய தேர்தான். அதற்கடுத்த ஆடிவேலுக்குக் கொண்டுபோன தேர்களில் பெரும்பாலானவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்.

பீடங்களும் தட்டுகளும் 1983 யூலை வரை ஓடின. அந்த வாரத்தில் பட்டறை எரிந்தது. காய்ந்த ஒட்டுப்பலகை எரிய எவ்வளவு நேரம் வேண்டும்? குடும்பத்தோடு அகதி முகாமுக்குப் போனார். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலேறினார் என்று கேள்விப்பட்டேன். முகவரி கேட்டு எழுத ஆளில்லை. அவர் திரும்பி வந்திருந்தாலும் தொழில் நிலைத்திருக்குமா என்பது ஐயமே. தோட்டங்கள் பின்னர் பல அடுக்குக் காகிதச் சாக்குகளுக்கு மாறின. மரப்பெட்டி ஏற்றுமதியிலிருந்து மெல்ல மறைந்தது.

என் அறையிலிருந்த அவருடைய புத்தகத் தட்டும் அந்த வாரத்தில் போயிற்று. பேனாக்கள் வைக்க அவர் செய்து தந்த சிறு பெட்டி அலுவலக மேசையில் இருந்தமையால் தப்பியது. இதை எழுதும்போது அது அருகிலேயே இருக்கிறது. அதன் அடியில் ஆங்கில எழுத்துகளில் ‘ஓயா’ என்பது மட்டும் எஞ்சியிருக்கிறது. முற்பகுதி வெட்டில் போய்விட்டது. மலைநாட்டில் ‘ஓயா’ என்று முடியும் தோட்டங்கள் பல. தலவாக்கலைப் பக்கத்து நண்பர் ஒருவர் பட்டியல் எழுதி அனுப்பியிருக்கிறார். எழுத்தின் இடைவெளியை வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.